கை எட்டும் தூரத்துக் கடை

பெருங்காயமும் கருவாடும் புண்ணுக்குப் போடும் மருந்தும் ஒன்றாகக் கலந்தால் ஒரு வாசனை வரும். இந்த மூன்றையும் ஒரே இடத்தில் முகர்ந்து பார்க்கிற நிலைமை பெரும்பாலான வீடுகளுக்கு வந்திருக்காது. எனக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது அது எங்கள் வீட்டுக்கு வந்தது, இரண்டு மழைக்காலம் இருந்தது, பிறகு போய்விட்டது. அப்பா என்று நினைத்தால் அவர் முகம் வருவதற்கு முன்னால் எனக்கு அந்த வாசனைதான் வரும். கூடவே ஒரு பிக்கப் வண்டியின் பின்பக்கத் தொட்டி, அதில் இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகத் தகரப் பெட்டிகள், நடுவில் படுத்தபடி ஒரு கையால் உப்பும் இன்னொரு கையால் தீப்பெட்டியும் எடுத்து நீட்டும் என் அப்பா.

மலைமேல் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் எங்கள் ஊர், பஸ் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அப்பாவுக்குக் கொஞ்சம் மிளகுக் காடும், கொஞ்சம் குச்சிக்கிழங்குக் காடும், பழையதாக வாங்கிய அந்த பிக்கப்பும் இருந்தன. ஊராரின் வாழைத்தாரையும் பலாப்பழத்தையும் சந்தைக்குக் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. தை மாதக் கடைசியில் மிளகு பறிப்பு வந்துவிட்டால் மட்டும் வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டுக்குப் போவார். எங்கள் பக்கம் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைச் சுற்றிக்கொண்டு உச்சிவரைக்கும் ஏறும். கணுவுக்குக் கணு குச்சியை மட்டும் விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில்தான் ஏணி. அதை மரத்தில் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறிப் பறிக்க வேண்டும். அன்றைக்கு மூங்கில் பனியில் நனைந்திருந்தது. அப்பா விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அம்மா கூப்பிட்ட சத்தம்தான் கேட்டது. முதுகு பாறைமேல் பட்டிருந்தது.

ஆஸ்பத்திரிகளில் பல மாதம் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவருக்கு இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை. கால்களைத் தொட்டால் தெரியாது, கிள்ளினால் தெரியாது, மூத்திரம் ஒரு குழாய் வழியாகப் பையில் இறங்கும். கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுவே அவருக்குப் பெரிய துன்பமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. செய்வதற்கு ஒன்றுமில்லாத அந்தக் கைகளை மார்மேல் வைத்துக்கொண்டு நாளெல்லாம் படுத்திருந்தார். பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்சும் ஆரஞ்சும் கொண்டுவந்தார்கள். அப்பா அவர்களோடு பேசுவதை நிறுத்தினார், பிறகு எங்களோடும் நிறுத்தினார். பலாமரத்தடியில் நின்ற பிக்கப்பின் சீட்டில் கோழி அடை உட்கார்ந்தது.

ஒருநாள் சின்ராசு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. எங்களுக்கு ஆண் துணை என்று அப்போது இருந்தது அவர் ஒருவர்தான்.

"மச்சான், வண்டி சும்மா நின்னு துருப்பிடிக்குதுங்க. யாருக்காச்சும் குடுத்துப்போடலாமுங்களா?"

மறுநாள் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். பல நாளைக்குப் பிறகு கேட்கிற குரல் என்பதால் நான் ஓடினேன்.

"கண்ணு, அடுப்புல இருந்து கரி ஒண்ணு எடுத்தா."

எடுத்துப் போனேன். பாயில் மல்லாந்து படுத்திருந்தவர் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினார். விரல் நுனி எங்கே தொடுகிறதோ அங்கெல்லாம் தரையில் கோடு போடச் சொன்னார். கையை மெல்ல மேலே கொண்டுபோனார், கீழே கொண்டுவந்தார்; நான் விரலுக்குப் பின்னாலேயே கரியை இழுத்துக்கொண்டு போனேன். சாணி மெழுகிய தரையில் அப்பாவுக்கு இரண்டு பக்கமும் இறக்கை முளைத்த மாதிரி இரண்டு வளைவு விழுந்தது. அவர் தலையைத் திருப்பித் திருப்பி அதைப் பார்த்தார்.

"இந்தக் கோட்டுக்குள்ள எதை வெச்சாலும் நான் எடுத்துக்குவேன் சாமி. இதுக்கு வெளிய இருக்கறதுக்கெல்லாம் உங்கொம்மாளைக் கூப்புடோணும்."

சோற்றுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். "இதென்னங்க, தரையெல்லாம் கரி?"

"கடை," என்றார் அப்பா.

உப்புக்கும் தீப்பெட்டிக்கும் மைல் கணக்கில் நடந்துகொண்டிருந்த ஊர்கள் எங்களைச் சுற்றிலும் இருந்தன. வண்டியைக் கடையாக்கி அந்த ஊர்களுக்கெல்லாம் போவது, தான் பின்னால் படுத்துக்கொண்டு வியாபாரம் பார்ப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். எத்தனை நாளாக அதை யோசித்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. ஒவ்வொரு பெட்டியும் எங்கே வரும் என்பதுவரை அவர் மனதில் இருந்தது.

புது வீட்டுக்கு நிலையும் கதவும் செய்வதற்காக அறுத்து, "அட்டாலி" என்கிற பரணில் ஏற்றி வைத்திருந்த பலாப் பலகைகளைக் கீழே இறக்கினார்கள். அப்பாவை ஒரு கட்டிலில் கிடத்தித் தூக்கி மரத்தடியில் போட்டோம். மாமா அறுத்தார், அம்மா ஆணி அடித்தாள், அப்பா படுத்துக்கொண்டே திட்டினார். தொட்டியின் நடுவில் முழ உயரத்தில் ஒரு மேடை. அதுதான் அவர் இடம், தலை டிரைவர் பக்கம். மேடைக்கு அடியில் நீளமான இழுப்பறைகள், பின்கதவைத் திறந்தால் வெளியே இழுக்கலாம். அரிசியும் சர்க்கரையும் அதில். அது அம்மாவின் பகுதி. மேடையின் இரண்டு பக்கமும் கரிக்கோட்டை அளந்து மரச்சட்டம் அடித்து, அதற்குள் பெட்டிகள். எண்ணெய் டின்களைப் படுக்கவைத்து ஒரு பக்கம் வெட்டி, கையைக் கிழிக்காமல் இருக்க விளிம்பை மடக்கித் தட்டி, சறுக்கிக்கொண்டு வர அடியில் மெழுகுவர்த்தி தேய்த்துச் சட்டத்தில் செருகினோம். வலது கைக்கு அருகில் அடிக்கடி விற்கிற உப்பு, புளி, மிளகாய், டீத்தூள். இடது பக்கம் கடுகு, பெருங்காயம், சோப்பு, டார்ச் பேட்டரி, பிள்ளைகளுக்குப் பென்சில். கருவாடு மட்டும் கால்மாட்டில், மூடிபோட்ட வாளியில். தலைக்கு மேல் தார்ப்பாய்க் கம்பியில் தொங்கு தராசு. வருகிறவர் முகம் படுத்த இடத்திலிருந்தே தெரிவதற்காக லாரிக் கண்ணாடி ஒன்றை அதே கம்பியில் சாய்வாகக் கட்டினார்கள்.

இன்னொரு டின்னும் இருந்தது. மேடையின் ஓரத்தில், வெளியிலிருந்து பார்த்தால் மற்றப் பெட்டி மாதிரியே தெரியும். மூத்திரப் பையை வைப்பதற்காக அம்மா யாரையும் கேட்காமல் செய்தது. அதைப் பார்த்த அப்பா அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

வண்டியை யார் ஓட்டுவது என்று மாமா கேட்டார். அவருக்கு அவர் காடு இருந்தது. அடிவாரத்துக்குப் போய்ச் சரக்கு எடுத்து வர வாரத்துக்கு ஒருநாள்தான் அவரால் முடியும். "உங்கொக்கா ஓட்டுவா," என்றார் அப்பா. அம்மா அதுவரை சைக்கிள்கூட மிதித்ததில்லை.

டிரைவருக்குப் பின்னாலிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் அம்மா வண்டி கற்றாள். அப்பாவுக்கு ரோடு தெரியாது, அவள் கையும் காலும் தெரியாது. இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டு, பின்னால் படுத்தபடி சொல்லுவார்.

"வண்டி கத்துது பாரு புள்ள. ரெண்டாவதுக்கு மாத்து."

"நான் கத்துனா உங்களுக்குக் காதுல வுழுகாது. வண்டி கத்துனா மட்டும் வுழுகுதுங்களா?"

அப்பா சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் முதல் வளைவு வந்துவிட்டது. பெட்டிகள் அத்தனையும் ஒரே பக்கமாகப் பாய்ந்து திறந்து, மிளகாய்த்தூள் அவர் முகத்தில் கொட்டியது. கண்ணைத் திறக்க முடியாமல், கையிலும் தூளாக இருந்ததால் துடைக்கவும் முடியாமல் அவர் கத்திய கத்தலில் அம்மா வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தினாள். அன்றைக்குச் சாயங்காலமே சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக நறுக்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் குறுக்கே ஆணியில் மாட்டிவிட்டோம். ஒற்றை விரலால் தட்டினால் டியூப் விலகும், பெட்டி வரும். தள்ளிவிட்டால் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பா நாளெல்லாம் தட்டித் தட்டிப் பழகினார்.

முதல்நாள் கடைக்கு நான் லீவு போட்டுக்கொண்டு போனேன். பக்கத்து ஊரில் வண்டியை நிறுத்தி அம்மா தார்ப்பாயைத் தூக்கியதும் பெண்கள் கூடினார்கள். வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் ஒரு வயதானவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"இப்பிடிப் பொணமாட்ட வந்து கெடக்கறயே சாமி..."

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தபடி அப்பா சொன்னார்: "உசுரோடதான் இருக்கறன் ஆயா. அழுவறதுக்கு வந்தியா, வாங்கறதுக்கு வந்தியா? உப்பு வேணுமா, புளி வேணுமா, சொல்லு."

அவள் மூக்கைச் சிந்திவிட்டு உப்பு கேட்டாள். டியூப் பட்டென்று விலகியது.

அந்த ஒரு வருஷத்தை நல்ல வருஷம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அப்பா அந்த வருஷம் சாப்பிட்டார், சண்டை போட்டார், ஊர்ச் சங்கதியெல்லாம் பேசினார். எந்த ஊரில் யாருக்குப் பிரசவம், யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று பின்னால் படுத்திருந்தவருக்குத்தான் முதலில் தெரியும். மலையில் இன்னும் தள்ளியிருந்த பைல் நாட்டுப் பக்கம்கூட வாரத்துக்கு ஒருமுறை போனோம். சனிக்கிழமைகளில் நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து போவேன். குலுங்குகிற வண்டியில் அவர் கால்கள் உருளாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. பிடித்திருப்பது அவருக்குத் தெரியாது என்பதை ஒவ்வொரு தடவையும் மறந்துவிடுவேன்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அவரைக் குப்புறத் திருப்பித் துடைப்பாள். ஐப்பசி மழையில் ரோடெல்லாம் பள்ளமாகிப்போன சமயத்தில் ஒருநாள் அவள் வெளியே வர நேரமானது. முதுகெலும்பு முடிகிற இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிவந்திருந்ததாம். அவருக்கு வலிக்காது, வலித்திருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பார். அம்மா மேடைப் பலகையில் அந்த இடத்துக்கு நேராக வட்டமாக அறுத்தெடுத்தாள். லாரி டியூப் ஒன்றில் பாதிக் காற்றடித்து அதில் பொருத்தி, மேலே இலவம்பஞ்சு மெத்தை போட்டாள். புண் ஆறியது. மறுபடி வந்தது, வேறு இடத்தில். அம்மா மறுபடி அறுத்தாள். கடைசியில் அந்த மேடையில் பலகையைவிட ஓட்டை அதிகமாக இருந்தது.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் நல்ல மனிதர், எங்கள்மேல் அக்கறை உள்ளவர். புண்ணைச் சுத்தம் செய்துவிட்டு, அப்பா முகத்துக்கு நேராகவே சொன்னார். "இந்த வண்டியில படுத்துக்கிட்டு மலையில சுத்தறத இன்னையோட நிறுத்துங்க. வீட்டுல மெத்தையில போட்டு, மாத்தி மாத்தித் திருப்பிவிடணும். இல்லேன்னா எலும்புக்குப் போயிரும். அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

கடை நின்றது. அப்பா பழையபடி வீட்டுக்குள் வந்தார். அம்மா கூலி வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் ஓடிவந்து அவரைத் திருப்பிவிட்டு மறுபடி ஓடுவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் திருப்புவேன். புண் ஓரங்களில் ஆறிவந்தது, நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆனால் அவர் கைகள் மறுபடி மார்மேல் போய்விட்டன. சோற்றைப் பிசைந்து ஊட்டினால் ஒரு வாய், இரண்டு வாய். பிறகு தலையைத் திருப்பிக்கொள்வார். எந்த ஊரில் என்ன என்று யாராவது சொல்லவந்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் ராகி களி தின்றுகொண்டிருந்தபோது அவர் அம்மாவைக் கூப்பிட்டார்.

"வண்டிய எடு புள்ள."

"டாக்டர் சொன்னது காதுல வுழுகலீங்களா?"

"வுழுந்துது."

அம்மா அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். பிறகு வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டு வண்டி கழுவப் போனாள்.

நான் தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். தொட்டியில் ஏறி, அப்பாவின் மேடையில், அந்த ஓட்டைகளின்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டேன். நான் இறங்காவிட்டால் அவரை அங்கே படுக்கவைக்க முடியாது என்பது என் கணக்கு. அப்பாவைத் தூக்கிவிட வந்த மாமா கெஞ்சினார், நான் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன். அம்மா ஏறி வந்து, என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடுப்பில் தூக்கிக் கொண்டுபோய் வாசலில் விட்டாள். மாமாவின் முதுகில் வந்த அப்பா என்னைக் கடக்கும்போது, "அழுவாத சாமி, பொழுது சாயறதுக்குள்ள வந்துருவேன்," என்றார். பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார். ஆனால் அம்மாவோடு நான் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, வெகுகாலத்துக்குச் சரியாகப் பேசவில்லை.

மூன்று மாதம் ஓடியது அந்தக் கடை. அவர் பழையபடி சிரித்தார், பழையபடி திட்டினார், நாளுக்கு நாள் மெலிந்தார். பிறகு காய்ச்சல் கண்டது. குளிர் தூக்கிப் போட்டது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரத்துக்குள், விடிகிற நேரத்தில், எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் வண்டியில்தான் அவரை மேலே கொண்டுவந்தோம். வேறு வண்டி பிடிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அம்மா வேண்டாமென்று விட்டாள். பெட்டிகளில் சரக்கு அப்படியே இருந்தது. நடுவில் வெள்ளைத் துணியில் அப்பா, பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தபடி அம்மா. மாமா ஓட்டினார். நான் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாத அந்த ஓட்டை வழியாகப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் பெட்டிகள் டியூபை இழுத்துக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்தன, பிறகு இன்னொரு பக்கம் சாய்ந்தன. கடுகு சரசரத்தது. ஒன்றும் கொட்டவில்லை.

எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் முன்னால் ரோடு மேடாகும். மாமா ஹாரன் அடிக்கவில்லை. ஆனால் அந்த இன்ஜின் சத்தம் அந்த ஊருக்குப் பழக்கமாகியிருந்தது. ஒரு வாரமாகக் கடை வராததால் அவர்களிடம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. பையோடும் சொம்போடும் பெண்கள் ரோட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மாமா வண்டியை நிறுத்தவேண்டியதாயிற்று. முதலில் வந்தவள், "ஏனுங்க, இத்தன நாளா காணோம்?" என்று சிரித்துக்கொண்டே தார்ப்பாய்க்குள் குனிந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் பைகளை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்கள். அவர்களோடு ஓடிவந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. எண்ணெய்ப் பாட்டிலை வழக்கம்போல மேலே தூக்கி நீட்டிக்கொண்டே நின்றாள்.

யாரோ அவளை இழுக்கப் போனார்கள். அம்மா கையைக் காட்டித் தடுத்தாள். அப்பாவின்மேல் படாமல் எட்டி, எண்ணெய் கேனை எடுத்து, பாட்டிலில் புனல் வைத்து, கழுத்துவரைக்கும் ஊற்றி, மூடியைத் திருகி, வெளியே வழிந்ததைத் தன் சேலையில் துடைத்து, அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தாள்.

"கீழ போட்டுறாத கண்ணு. பாத்துப் போ."

பிறகு மாமாவிடம், "எடு," என்றாள்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் வண்டியை விற்றோம். வாங்க வந்தவருக்குக் காலித் தொட்டிதான் வேண்டியிருந்தது. மாமா கடப்பாரையால் நெம்பி எல்லாவற்றையும் பெயர்த்தார். உப்பும் எண்ணெயும் ஊறிப்போன அந்தப் பலாப் பலகைகள் எதற்கும் ஆகவில்லை. வெந்நீர் அடுப்பில் வைத்தோம், படபடவென்று வெடித்து எரிந்தன. தகரத்தைப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டார்.

இப்போது எங்கள் ஊருக்குத் தார் ரோடு வந்துவிட்டது. நாலு வீட்டுக்கு ஒரு பெட்டிக்கடை இருக்கிறது, பைக்கில் சரக்கு வந்து இறங்குகிறது. அந்த ஊர்களில் இருக்கும் இளவட்டங்களிடம் படுத்துக்கொண்டே விற்ற ஒருவரைப் பற்றிச் சொன்னால் நம்புவார்களா என்பது சந்தேகம்தான். அந்தப் பழைய பிக்கப்பையும் நான் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. நான் சேலத்தில் வேலை பார்க்கிறேன். மிளகுக் காலத்தில் மட்டும் ஒரு வாரம் லீவு போட்டு ஊருக்குப் போவேன்.

போன தடவை போயிருந்தபோது, களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவிடம், இத்தனை வருஷம் கழித்து, அதைக் கேட்டே விட்டேன். டாக்டர் அவ்வளவு சொல்லியும் அன்றைக்கு ஏன் வண்டியை எடுத்தாய் என்று. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் காலால் மிளகைக் கிளறிவிட்டுக்கொண்டே நடந்தாள், களத்தின் அந்தக் கோடிவரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"டாக்டர் சொன்னது நெசந்தான் கண்ணு. ஊட்டுலயே போட்டு வெச்சிருந்தா இன்னும் நாலஞ்சு வருசம் இருந்திருப்பாரு. இருந்திருப்பாரு, அவ்வளவுதான். அது வேண்டாம்னு அவரு சொன்னாரு. நான் ஓட்டுனேன்."